காணாமல் போன பாதிச் சூடு

நான் விட்டுப் போகும் மேசைக்கு ஒப்படைப்புப் பட்டியல் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். முதல் பத்து எண்களில் உங்களுக்குச் சந்தேகம் வராது. கலோரிமானி இரண்டு, வெப்பமானி ஆறு (நான்காவது அரை டிகிரி கூட்டிச் சொல்லும், திட்டாதீர்கள், கழித்துக்கொள்ளுங்கள்), தராசு, சாவிக்கொத்து, இப்படி. பதினோராவது எண்ணைப் படித்துவிட்டுத்தான் நேற்று, இந்த மேசைக்கு வரப்போகும் நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தீர்கள்: "வெள்ளைத் துணிப் பொட்டலம், தையல் விட்டது, ஒன்று. தூக்கிப் போட வேண்டாம்."

சிரித்தது சரிதான். ஆனால் காரணத்தைத் தெரிந்துகொண்டு சிரிக்கலாம்.

முப்பத்திரண்டு வயதில் "அந்தக் காலத்தில்" என்று ஆரம்பிக்கக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் ஒன்பது வருடம் அடையாறில் இந்த ஒரே ஆய்வகத்தில், எந்த வேதிவினை எவ்வளவு வெப்பத்தைக் கொடுக்கும், எவ்வளவை எடுக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். கணக்குப் போடும் முறை கையேட்டில் இருக்கிறது, நன்றாகவே எழுதியிருக்கிறேன். கையேட்டில் எழுத முடியாமல் போனது அந்தப் பொட்டலத்தில் இருக்கிறது.

ஐந்து வருடங்களுக்கு முன்பு மயிலாப்பூரிலிருந்து ஒரு சமையல்காரர் எங்களிடம் வந்தார். கல்யாணங்களுக்குச் சமைக்கிறவர், எல்லாரும் மாமா என்று கூப்பிட, நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருடைய பேட்டையில் ஒரு பெரியவர்கள் குழு உண்டு. முப்பத்தாறு பேர், யாரும் எழுபதுக்குக் குறைவில்லை. மாதம் ஒரு நாள் பஸ் பிடித்துக் கோயில் கோயிலாகப் போகிறவர்கள். வெளியில் சாப்பிட மாட்டார்கள். ஆறிப் போனதையும் சாப்பிட மாட்டார்கள்.

"புளியோதரை கட்டிக் கொடுத்துடலாமே மாமா?" என்றேன்.

"புளியோதரைக்கு எதுக்கும்மா விஞ்ஞானம்? அதுக்கு உங்காபீஸ் வரைக்கும் வருவேனா? சாம்பார் சாதம். நெய் விட்டு, ஆவி பறக்க. பஸ்ல உக்காந்துண்டே சாப்பிடணும். ஒரு தடவை நன்னா அமைஞ்சுடுத்துன்னா மாசாமாசம் எனக்குத்தான்னு வாக்குக் கொடுத்திருக்கா. அமையலேன்னா பேட்டைல தலை காட்ட முடியாது."

இதற்கு வழி இருக்கிறது. இரண்டு அடுக்குப் பெட்டி. மேலடுக்கில் சாதம். கீழடுக்கில் துணிப் பொட்டலத்தில் சுட்ட சுண்ணாம்பு, அதன்மேல் ஒரு தண்ணீர்ப் பை. வெளியே தெரியும் நூலை இழுத்தால் பை கிழிந்து தண்ணீர் சுண்ணாம்பில் இறங்கும். சுண்ணாம்பு நீறும்போது, அதாவது தண்ணீரைக் குடித்து மாவாகும்போது, வெப்பம் வரும். ஒரு கிராம் சுட்ட சுண்ணாம்பு முழுதாக நீறினால் ஏறக்குறைய 1.16 கிலோஜூல். நெருப்பில்லை, மின்சாரமில்லை.

நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முந்நூறு கிராம் சாதம், கீழே இருக்கும் தண்ணீர், பெட்டி எல்லாம் சேர்ந்து முப்பதிலிருந்து எழுபது டிகிரிக்கு ஏற வேண்டுமானால் சுமார் 60 கிலோஜூல். கொஞ்சம் வெளியே போகும். ஆக அறுபது கிராம் சுண்ணாம்பு. எங்கள் ஆய்வக உதவியாளர் மேரி அக்கா அறுபது கிராம் கொள்ளும் துணிப் பைகள் நூறு தைத்து வைத்துவிட்டார். மேரி அக்காவை உங்களுக்குத் தெரியும், சாந்தோமிலிருந்து காலை ஏழரைக்கே வந்து விளக்குப் போடுகிறவர். இங்கே வருவதற்கு முன் பத்து வருடம் கட்டட வேலையில் சித்தாளாக இருந்தவர் என்பது தெரிந்திருக்காது. எனக்கும் அப்போது தெரியாது.

மழைக்காலத்தில் முதல் சோதனை. சாதம் எழுபதுக்கு ஏறவில்லை. ஐம்பதில் நின்றுவிட்டது. நாற்பது டிகிரி ஏற வேண்டிய இடத்தில் இருபதுதான்.

இங்கேதான் நான் என்ன செய்தேன் என்பதைக் கவனமாகப் படியுங்கள். நோட்டில் "வெப்ப இழப்பு: 50%" என்று எழுதினேன். பொட்டலத்தை இரண்டாக்கினேன். 68 டிகிரி வந்தது. இன்னொரு தடவை செய்தேன், 69. மூன்றாவது தடவை, மறுபடியும் 68. மூன்று தடவையும் ஏறக்குறைய ஒரே விடை வந்தால் நமக்கெல்லாம் ஒரு பெருமிதம் வரும். கணக்கை விட அளவை நம்புகிற பணிவு என்னிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதைய எங்கள் தலைவி அந்த நோட்டைப் பார்த்தார். அவர் அதிகம் பேச மாட்டார். பென்சில் முனையை அந்த ஐம்பது சதவீதத்தின்மேல் வைத்தார்.

"மீதி எங்க போச்சு?"

"இழப்பு மேடம். பெட்டி வழியா வெளிய போயிடுது."

"பாதியா? அப்படின்னா பெட்டியைத் தொட்டாலே சுட்டிருக்கணுமே. சுட்டுதா?"

நான் தொட்டுப் பார்க்கவில்லை.

"வெந்நீர் ஊத்தி மூடி வை. எவ்வளவு வேகமா ஆறுதுன்னு பாரு. இழப்பை மட்டும் தனியா அளந்து காட்டு. அப்புறம் எழுது."

"சரி மேடம்," என்றேன். அவர் பார்க்கவே என் வேலைப் பட்டியலில் ஒன்பதாவது எண்ணாக எழுதினேன்: "இழப்பைத் தனியாக அளக்க." அழகாகக் கட்டமும் போட்டேன், முடிந்ததும் டிக் அடிக்க.

என்னிடம் ஒரு குறை உண்டு, உங்களில் ஒருவருக்கும் அது இருப்பதாகப் பார்த்தேன். பட்டியலில் எழுதிவிட்டால் பாதி செய்து முடித்த நிம்மதி வந்துவிடும் எனக்கு. ஒன்பதாவது எண் கட்டத்தோடு அப்படியே இருந்தது. மழை முடிந்தது. தை வந்தது. பயண நாளும் வந்தது.

பஸ் ஆறரைக்குக் கிளம்ப வேண்டும். ஆறு மணிக்கு நானும் மேரி அக்காவும் மயிலாப்பூர்க் குளத்தங்கரையில் இருந்தோம். நடைபாதையில் மாமா முப்பத்தெட்டுப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார். பயணிகளுக்கு முப்பத்தாறு, டிரைவருக்கு ஒன்று, பயணம் போகாவிட்டாலும் ருசி பார்க்கத் தனக்கு ஒன்று. பெரியவர்கள் ஸ்வெட்டரும் குல்லாயுமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் கையில் பட்டியலோடு பெட்டிகளை எண்ணி டிக் அடித்துக்கொண்டிருந்தேன்.

மேரி அக்கா உள்ளங்கையை ஊதிக்கொண்டே நின்றிருந்தார். இரண்டு விரல் நுனிகள் சிவந்திருந்தன.

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல மேடம். நேத்து பொட்டலம் கட்டும்போது கிளவுஸு கிழிஞ்சிடுச்சு. புது மூட்டை கட்டெறும்பு மாதிரி கடிக்குது. பழசு பாவம், விபூதி மாதிரி கீது, ஒண்ணும் பண்ணாது."

நான் டிக் அடிப்பதை நிறுத்தினேன்.

"பழசு ஒண்ணும் பண்ணாதா?"

"அது காத்து குடிச்சிடுச்சே மேடம். ஆடில வாங்கின மூட்டை. வாய வெறும் கயிறால கட்டி ஜன்னலாண்ட வெச்சிருந்த. கடல் காத்து, மழை. பாதிக்குப் பாதி அதுவே நீறிப்போச்சு. சித்தாள் வேலைல இப்படி வெச்சா மேஸ்திரி ஒதைப்பான்."

"ஏங்க்கா நேத்தே சொல்லல?"

"சொல்லலாம்னுதான் வந்தேன். நீ போன்ல இருந்த. கைல லிஸ்டக் குடுத்துட்ட. லிஸ்டுல அது இல்ல."

என் மனதில் கணக்கு தானாக ஓடியது. நான் சோதித்தது எல்லாம் பழைய மூட்டையை வைத்து. பெட்டிகளில் இருப்பது சூளையிலிருந்து நேராக வந்த, பிளாஸ்டிக் உறைக்குள் மூடி வந்த புது மூட்டை. பாதி செத்த சுண்ணாம்புக்காக இரண்டு மடங்கு போட்டேன். இப்போது உயிருள்ள சுண்ணாம்பு இரண்டு மடங்கு இருக்கிறது. நூற்றிருபது கிராம், நூற்றி நாற்பது கிலோஜூல் பக்கம். சாதம் கொதித்தும் மிச்சம் இருக்கும் வெப்பம். அந்த மிச்சம் தண்ணீரை ஆவியாக்கும். ஆவி மூடியைத் தள்ளும். அந்தப் பெட்டி எங்கே இருக்கும்? ஒரு எண்பது வயது மாமியின் மடியில், ஓடுகிற பஸ்ஸில், அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது.

"மாமா, பெட்டி எதையும் ஏத்தாதீங்கோ."

"ஏம்மா? பஸ் கிளம்பிண்டிருக்கு!"

"ஒண்ணே ஒண்ணை இங்க திறந்து பாத்துக்கறேன்."

ஒரு பெட்டியைத் தனியாக எடுத்து நடைபாதை ஓரத்தில் வைத்தேன். பையிலிருந்து பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். பஸ் ஜன்னலிலிருந்து ஒரு மாமியின் குரல்: "என்னடி இது, சாப்பாடா வெல்டிங்கா?"

எல்லாரையும் நாலடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நூலை இழுத்தேன்.

இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. மாமா கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது நிமிடம் குக்கர் மாதிரி சீறல். நான்காவது நிமிடம் மூடி ஆட ஆரம்பித்தது. ஐந்தாவது நிமிடம் அது ஒரு துள்ளு துள்ளிப் பஸ்ஸுக்கு அடியில் போய் விழுந்தது. சாம்பார் சாதம் குபுகுபு என்று கொதித்து வழிந்தது. கீழடுக்கின் ஓரத்திலிருந்து வெள்ளைச் சேறு பொங்கி நடைபாதையில் இறங்கியது. மாமாவின் வெள்ளை வேட்டியில் ஒரு முருங்கைக்காய் ஒட்டிக்கொண்டது.

டிரைவர் இறங்கி வந்து மூடியைப் பொறுக்கிக் கொடுத்தார். "இன்னா மேடம், தீபாவளி முடிஞ்சு மூணு மாசம் ஆவுது. இத்தையா நைனா என் வண்டில ஏத்தச் சொல்ற?"

பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்த வெள்ளைச் சேறு இருக்கிறதே, அது கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

மாமாவும் சிரிக்கவில்லை. அருகில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார். "இப்போ என்ன பண்றது, சொல்லு. பயணத்தை நிறுத்தச் சொல்றியா? நான் வாக்குக் கொடுத்திருக்கேன்."

மேரி அக்கா பெட்டிகளைப் பார்த்தார். "ரெண்டு பொட்டலத்துல ஒண்ண உருவிட்டா?"

அதுதான் விடை. மேரி அக்கா முன்பே அறுபது கிராம் பைகளாகத் தைத்து வைத்திருந்ததால், ஒவ்வொரு பெட்டியிலும் தனித்தனியாக இரண்டு பொட்டலம். ஒன்றை எடுத்துவிட்டால் என் முதல் கணக்கு. நான் நம்பாமல் அடித்துப்போட்ட கணக்கு.

"எடுத்துடு, எடுத்துடு, கிளம்பலாம்," என்றார் மாமா.

இந்த இடத்தில் எனக்குப் பயம் வந்தது. ஒரு தடவை சோதிக்காமல் நம்பியதால்தான் இங்கே நிற்கிறேன். இன்னொரு தடவையும் சோதிக்காமல் நம்பவா?

"இன்னொரு பெட்டி வேணும் மாமா. பன்னிரண்டு நிமிஷம்."

"முப்பத்தெட்டுல ஒண்ணு போயிடுத்து. இன்னொண்ணும் போச்சுன்னா முப்பத்தாறு. எனக்கும் டிரைவருக்கும்?"

"நீங்க ரெண்டு பேரும் ஹோட்டல்ல சாப்பிடுங்கோ."

"சமையல்காரனை ஹோட்டல்ல சாப்பிடச் சொல்றியே, நியாயமா இது?"

ஆனாலும் அவரே ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார். ஒரு பொட்டலத்தை வெளியே எடுத்தேன். நூலை இழுக்கும் முன்பு, பட்டியலின் பின்பக்கத்தில் "69" என்று எழுதினேன். விடை வந்த பிறகு எழுதும் எண்ணுக்கு மதிப்பில்லை. முன்பே எழுதினால்தான் அது கணக்கு.

பன்னிரண்டு நிமிடம் நீளமானது. பஸ்ஸுக்குள் யாரோ பாட ஆரம்பித்தார்கள். யாரோ, "ராகுகாலத்துக்குள்ள கிளம்புவாளா?" என்றார்கள். டிரைவர் டீ குடித்துவிட்டு வந்தார். வெப்பமானி நாற்பது, ஐம்பது, ஐம்பத்தெட்டு, அறுபத்தைந்து என்று ஏறியது. அறுபத்தெட்டில் நின்றது. சீறல் இல்லை. மூடி தானாக அசையவில்லை. நான் மூடியைத் திறந்தபோது நெய் வாசனையோடு ஆவி வந்தது.

"ஒரு டிகிரி குறையறதே," என்றார் மாமா, நான் எழுதியதை எட்டிப் பார்த்து.

"நீங்க மூடியை ரெண்டு தடவை தொறந்து பாத்தீங்க."

வேலையை ஆரம்பித்தோம். நாலாவது பெட்டியில் மேரி அக்கா நிறுத்தினார்.

"மேடம், ஒரு விசயம். பழைய மூட்டைல கட்டினது ஒரு டஜன் பொட்டலம் மிச்சம் இருந்துச்சு. வீணாக்குவானேன்னு அதையும் நடுவுல போட்டுட்டேன்."

பெட்டியில் மிஞ்சுகிற ஒரு பொட்டலம் பழையதாக இருந்தால் சாதம் ஐம்பதோடு நின்றுவிடும். எந்தப் பெட்டியில் எது? பையில் சிறு தராசு வைத்திருந்தேன். பொட்டலங்களை ஒவ்வொன்றாக நிறுத்தேன். அறுபது, அறுபது, அறுபது. ஆமாம், அறுபது கிராம் என்று நிறுத்துக் கட்டியதே நாங்கள்தானே.

மேரி அக்கா என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். புதிய கையுறை மாட்டிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டினார். "இது நறநறன்னு கீது. புதுசு." அடுத்தது. "இது மெத்து மெத்துன்னு, உப்பிக்கினு கீது. பழசு. கைக்குத் தெரியும் மேடம்."

எனக்கும் காட்டிக் கொடுத்தார். ஒரு தடவை தொட்டுவிட்டால் அப்புறம் தவறவே தவறாது. நீறிய சுண்ணாம்பு பருத்து மாவாகிவிடும். என் பட்டியல்கள் எதிலும் "தொட்டுப் பார்" என்று ஒரு வரி இல்லை.

ஒரு மாமி இறங்கி வந்து, "நாங்களும் பண்றோமே, சும்மாதானே உக்காந்திருக்கோம்," என்றார். சுண்ணாம்பைத் தொட வேண்டாம் என்று சொல்லி மூடிகளை மட்டும் ஒப்படைத்தேன். நான்கு பேர் வரிசையாக நின்று மூடினார்கள். அவர்கள் மூடிய வேகத்துக்கு என்னால் பொட்டலம் உருவ முடியவில்லை. ஏழேகாலுக்கு முப்பத்தாறு பெட்டிகளிலும் ஒரு புதுப் பொட்டலம் மட்டும் இருந்தது. இரண்டு தடவை சரிபார்த்தேன். பஸ் கிளம்பியது.

நடைபாதையில் நாங்கள் மூன்று பேர், தகர டப்பாவுக்குள் முப்பத்தேழு பொட்டலங்கள், ஒரு சோதனைப் பெட்டி. மாமா குந்தி உட்கார்ந்து அந்தச் சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டார். டிரைவருக்கு வழியில் ஹோட்டலில் சாப்பிடச் சொல்லிக் கைச்செலவு கொடுத்து அனுப்பியிருந்தார்.

நான் ஆய்வகத்துக்குப் போனதும் முதல் வேலையாகத் தலைவியின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன், மூடி பறந்ததிலிருந்து. அவர் திட்டவில்லை. "ஒன்பதாம் நம்பர் முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று காலை பதினொரு மணிக்கு, மூன்று மாதம் தள்ளிப்போட்ட வேலையைச் செய்தேன். பெட்டியில் வெந்நீர் ஊற்றி மூடி, ஆறுவதைக் குறித்தேன். அரை மணி நேர வேலை. உண்மையான இழப்பு பதினைந்து சதவீதம்கூட இல்லை.

அப்படியானால் மீதிச் சூடு எங்கே போயிற்று? எங்கும் தொலையவில்லை. நான் நூலை இழுப்பதற்கு வெகு முன்பே, ஜன்னலோரம் காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டிருந்த மூட்டை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இந்த அறைக்குள் விட்டுவிட்டது. தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருந்தால் வெப்ப மாற்றம் ஒன்றுதான், எந்த வழியாகப் போனாலும் சரி, என்று படித்திருப்பீர்கள். நானும் படித்தேன். மயிலாப்பூரிலிருந்து தி.நகருக்கு என்று கணக்குப் போட்டேன். மூட்டை எனக்குச் சொல்லாமல் பாதி வழியில் இருக்கும் தேனாம்பேட்டை வரை நடந்து வந்துவிட்டிருந்தது. கணக்கில் பிழையில்லை. கிளம்பிய இடத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காததற்கு "இழப்பு" என்று பெயர் வைத்தேன். நம் தொழிலில் அந்தச் சொல் ஒரு குப்பைத்தொட்டி. தெரியாதது எதையும் அதில் போடலாம், மூடியும் போடலாம். நீங்கள் அந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம் பக்கத்தில், அதை எப்படி அளந்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் பேனாவை மூடிவிட்டு எழுந்து போய்ப் பொருளைத் தொட்டுப் பாருங்கள். கையுறையோடு.

மத்தியானம் ஒன்றேகாலுக்கு மாமாவின் போன் வந்தது. முதல் மணியிலேயே எடுத்தேன்.

"பஸ்லேர்ந்து கூப்பிட்டா. முப்பத்தாறும் சூடா இருந்துதாம். ஒரே ஒரு புகார்."

"என்ன மாமா?"

"உப்பு கம்மியாம்."

"அதுக்கு நான் பொறுப்பில்ல."

"தெரியும், தெரியும். அடுத்த மாசத்துக்கும் சொல்லிட்டா. வத்தக்குழம்பு சாதம் கேக்கறா. அதுக்கு வேற கணக்கா?"

வேறு கணக்குதான். அதையும் போட்டோம். அன்றிலிருந்து புது மூட்டை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பொட்டலம் சோதித்த பிறகுதான் மற்றவை பெட்டிக்குள் போகும். என் பட்டியலில் அதுவே முதல் எண், மேரி அக்காவின் கையெழுத்தோடு.

திரும்பி வந்த முப்பத்தேழில் ஒரு புதுப் பொட்டலத்தை நினைவுக்காக மேசை இழுப்பறையில் போட்டு வைத்தேன். நறநறவென்று இருந்தது. இந்த வாரம் மேசையைக் காலி செய்யும்போதுதான் மறுபடி பார்த்தேன். ஐந்து வருட அடையாறு காற்றைக் குடித்துப் பருத்து, மேரி அக்காவின் கெட்டித் தையலையே விட வைத்திருந்தது. உள்ளே விபூதி மாதிரி மாவு. மேரி அக்காவிடம் காட்டினேன். அவர் அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போட்டார். நான் பழக்கத்தில் வெப்பமானியை வைத்தேன். முப்பது டிகிரி. அசையவில்லை.

"பாத்தியா மேடம்," என்றார். "அஞ்சு வருசமா உன் டிராயர சூடு பண்ணிக்கினு இருந்திருக்கு. உனக்குத்தான் தெரியல."

அதனால்தான் சொல்கிறேன், தூக்கிப் போட வேண்டாம். அதன் பக்கத்தில் இன்று காலை ஒரு புதுப் பொட்டலமும் வைத்திருக்கிறேன், காற்றுப் புகாத டப்பாவில். பட்டியலில் பன்னிரண்டாவது எண். இரண்டையும் கையுறை மாட்டிக்கொண்டு ஒரு தடவை உருட்டிப் பாருங்கள். பார்த்த பிறகு டிக் அடியுங்கள். அதற்கு முன்பு வேண்டாம்.